குருத்தருகே முறிந்த எலும்பு

பெங்களூர்த் தமிழர்கள் இன்றும் 'தண்டு' என்றே வழங்கிவரும் கண்டோன்மெண்டுப் பகுதியின் கிழக்கே, வெள்ளைக்காரர் காலத்தில் சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷனின் கலெக்டராயிருந்த அலெக்சாண்டர் ராங்கன் காக்ஸ் என்பவருடைய பெயரைத் தாங்கி நிற்கும் காக்ஸ் டவுனில், தமிழ்க் குடும்பம் ஒன்றில் ஒரு சிறு குழந்தை காலை முறித்துக்கொண்டால், அதன் அழுகை ஓய்வதற்கு முன்னரே வீட்டுக் கூடத்தில் ஒரு தர்க்கம் தொடங்கிவிடும்: பௌரிங் ஆஸ்பத்திரிக்குப் போவதா, புத்தூர்க் கட்டுப் போடுவதா? 1860களில் மைசூர்க் கமிஷனராயிருந்த பௌரிங் துரையின் பெயரால் சிவாஜி நகரில் எழுந்த ஆஸ்பத்திரி, ஆட்டோ ஏறினால் சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. ஆந்திர நாட்டில் அரக்கோணம்–ரேணிகுண்டா ரயில் பாதையில் உள்ள புத்தூரோ ஒரு ராத்திரிப் பிரயாணம். ஆயினும் அவ்வூரின் கீர்த்தி தூரத்தைக் கடந்தது. புத்தூர்க் கட்டு என்று பலகை மாட்டிய சிறு வைத்தியசாலைகளைப் பெங்களூரின் வீதிகளிலேயே காணலாம்.

இந்தத் தர்க்கத்தில் எந்தப் பக்கம் சேருவது என்று சொல்வதற்கு முன், அதன் மையத்திலே படுத்திருக்கும் குழந்தையைச் சற்றுக் கிட்ட நின்று பார்ப்போம். நான்கு வயதுப் பெண் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். பிறந்தநாள் விருந்து ஒன்றில், இப்போது எங்கும் வந்துவிட்ட டிராம்போலின் என்னும் குதிப்பு மெத்தையின்மேல், தன்னைக்காட்டிலும் இருமடங்கு எடையுள்ள அண்ணனோடு சேர்ந்து குதித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் குதித்து அமிழ்ந்த வேகத்தில் மெத்தை மேல்நோக்கி எகிறி வந்தது. அதே கணத்தில் அவள் கீழ்நோக்கி இறங்கி வந்தாள். எழுகின்ற மெத்தையும் விழுகின்ற பாதமும் மோதிய அதிர்ச்சி முழுவதும் முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழே, கணைக்கால் எலும்பின் தலைப்பகுதியில் போய்த் தாக்கிற்று. விழவுமில்லை, எதன்மேலும் இடித்துக்கொள்ளவுமில்லை. ஆனால் காலை ஊன்ற மாட்டேன் என்கிறாள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இவ்வகையில் நேரும் முறிவு இப்போது வைத்தியர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

"சுளுக்காத்தான் இருக்கும், நல்லெண்ணெய் தடவி நீவிவிட்டா சரியாப் போயிடும்" என்கிறாள் பாட்டி. "நீவாதீங்க அம்மா, முதல்ல படம் எடுத்துப் பார்த்துடலாம்" என்கிறான் அவள் மகன். கால் கோணவில்லை, வீக்கமும் அதிகமில்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், முழங்காலுக்குக் கீழே தலைமயிர்போல் மெல்லிய ஒரு கோடு குறுக்கே ஓடுகிறது. இவ்வளவுதானா என்று எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். இந்த 'இவ்வளவுதானா' என்ற சொல்லில்தான் இக்கட்டுரையின் விஷயமே அடங்கியிருக்கிறது.

புத்தூர்க் கட்டை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. புத்தூருக்கு அருகே ராச்சபாளையம் என்னும் கிராமத்தில், ராஜு குடும்பத்தார் பரம்பரையாகச் செய்துவரும் இவ்வைத்தியத்தில், முறிந்த இடத்தை விரலால் தடவி அறிந்து, எலும்பை இழுத்து நேராக்கி, பச்சிலைச் சாறும் முட்டையின் வெள்ளைக்கருவும் தோய்ந்த துணியைச் சுற்றி, மூங்கில் பத்தைகளை வரிசையாக வைத்துக் கட்டுகிறார்கள். வெள்ளைக்கரு உலர்ந்து இறுகும். மூங்கில் வளைந்து கொடுக்கும், ஆனால் முறியாது. அசையாமல் நிறுத்துதல் என்ற தத்துவம் இதில் செவ்வையாகவே இருக்கிறது. அதுவும் மிகப் பழைய தத்துவம். சுஸ்ருத சம்ஹிதை எலும்பு முறிவைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்து, மூங்கில், மரப்பட்டை முதலியவற்றால் பத்தை வைத்துக் கட்டச் சொல்கிறது. கட்டைக் குளிர்காலத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறையும், கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறையும் அவிழ்த்துக் கட்டவேண்டும் என்றும், தளர்ந்த கட்டு எலும்பை ஸ்திரப்படுத்தாது, இறுகிய கட்டு வீக்கத்தையும் வேதனையையும் உண்டாக்கும் என்றும் எச்சரிக்கிறது. அந்தப் பன்னிரண்டில் 'வக்ரம்' என்பது ஒன்று: எலும்பு பிரியாமல் வளைந்து நிற்கும் முறிவு. குழந்தைகளின் எலும்பு முருங்கைக் கிளையைப்போல் படக்கென்று ஒடிவதில்லை. பச்சை வேப்பங்குச்சியைப்போல் ஒருபுறம் பிளந்து மறுபுறம் வளைந்து நிற்கும். இவ்வாறு வளைந்து நிற்கும் முறிவை அப்பழைய நூலார் கவனித்திருக்கிறார்.

மேல்நாட்டிலும் கதை இதற்கு வேறானதன்று. 1741-இல் நிக்கலாஸ் ஆந்திரி என்ற பிரெஞ்சு வைத்தியர் ஒரு புத்தகம் எழுதினார். கிரேக்க மொழியில் 'நேர்' என்பதற்கும் 'குழந்தை' என்பதற்கும் உரிய இரு சொற்களைச் சேர்த்து அதற்குப் பெயரிட்டார். இன்று ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் பலகையில் காணும் 'ஆர்த்தோபீடிக்ஸ்' என்ற பதம் அங்கே பிறந்ததுதான். அதன் அடிப்பொருள் குழந்தையை நேராக வளர்த்தல் என்பதே. அடுத்த நூற்றாண்டில், வேல்ஸ் தேசத்து ஆங்கிள்ஸி தீவில் தலைமுறை தலைமுறையாக முறிவு கட்டிவந்த குடும்பத்தில் பிறந்த ஹியூ ஓவன் தாமஸ், முறைப்படி வைத்தியம் பயின்று லிவர்பூலில் தொழில் நடத்தி, 1875-ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட இரும்புச் சட்டம், முதல் உலகப் போரில் தொடையெலும்பு முறிந்த எண்ணற்ற சிப்பாய்களின் உயிரைக் காத்தது. புத்தூர் மரபுக்கு ஒப்பான ஒரு நாட்டு மரபு, சாஸ்திரக் கல்வியோடு கலந்தபோது நவீன எலும்பு மருத்துவத்தின் ஒரு தூணாகவே ஆயிற்று.

ஆகவே கட்டத் தெரிந்தவர் யார் என்பதைப் பற்றி இங்கே வழக்கில்லை. எலும்பை யாரும் ஒட்டுவதில்லை. அது தானே ஒட்டிக்கொள்கிறது. முறிந்த இடத்தில் இரத்தம் கசிந்து உறைகிறது. அவ்வுறைவுக்குள் புதிய இரத்தக்குழாய்களும் உயிரணுக்களும் புகுந்து, முதலில் மெத்தென்ற ஒரு பொருக்கை உண்டாக்குகின்றன. பின்னர் அதில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து அது கட்டியாகிறது. அதன்பின் மாதக்கணக்கில், வேண்டாத இடத்தில் கரைந்தும் வேண்டிய இடத்தில் படிந்தும் எலும்பு தன் பழைய வடிவத்தைச் செதுக்கிக்கொள்கிறது. குழந்தையின் எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு தடித்தது, இரத்தவோட்டம் மிகுந்தது. ஆதலால் பெரியவர்களுக்கு மாதங்கள் ஆகும் காரியம் குழந்தைக்கு வாரங்களில் முடிந்துவிடுகிறது. குழந்தையின் முறிவு எந்தக் கட்டிலும் பெரும்பாலும் ஒட்டிவிடும் என்பதனால், கட்டியவர்க்குப் புகழும் எளிதில் வந்து சேர்கிறது. ஆனால் முழங்காலருகே முறிந்தபோது, எலும்பு ஒட்டுமா என்பது எழ வேண்டிய கேள்வியே அன்று. ஒட்டிய பின் அது எப்படி வளரும் என்பதுதான் கேள்வி.

நம் மொழியில் 'குருத்தெலும்பு' என்றொரு சொல் உண்டு. தென்னை அடியில் வளர்வதில்லை, நடுவில் வளர்வதில்லை; உச்சியிலுள்ள குருத்தில்தான் வளர்கிறது; வண்டு துளைத்துக் குருத்துப் போய்விட்டால், அடிமரம் எவ்வளவு திடமாயிருந்தாலும் மரம் போயிற்று. குழந்தையின் நீண்ட எலும்பும் இப்படியேதான். அதன் நுனிகளுக்குச் சற்று உள்ளே, சில மில்லிமீட்டர் கனமே உள்ள ஒரு குருத்தெலும்புத் தட்டு குறுக்கே கிடக்கிறது. அத்தட்டில் உயிரணுக்கள் அடுக்கிவைத்த நாணயங்களைப்போல் நிரை நிரையாக நின்று, ஒருபுறம் பெருகிக்கொண்டே மறுபுறம் எலும்பாக மாறிக்கொண்டு வருகின்றன. குழந்தை உயரமாவது என்பது இதுதான். காலைப் பொறுத்தவரை, இக்குருத்துகளில் சுறுசுறுப்பானவை முழங்காலின் மேலும் கீழும் இருக்கின்றன: தொடையெலும்பின் கீழ்க்குருத்து வருஷத்திற்குச் சற்றேறக்குறைய 1 சென்டிமீட்டரும், கணைக்கால் எலும்பின் மேற்குருத்து ஏறத்தாழ 6 மில்லிமீட்டரும் சேர்க்கின்றன. ஒரு காலின் மொத்த வளர்ச்சியில் மூன்றில் இரண்டு பங்கு இந்த இரு தட்டுகளின் கைங்கரியம்.

இத்தட்டுதான் எலும்பின் பலவீனமான இடமும் ஆகும். கனடாவின் டொரான்டோ நகரத்து வைத்தியர்களான ராபர்ட் சால்டரும் ராபர்ட் ஹாரிஸும் 1963-இல் குருத்தில் நேரும் முறிவுகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். தட்டின் வழியாகவே எலும்பு நழுவுவது முதல் வகை. நழுவுவதோடு தண்டெலும்பின் ஒரு மூலையும் பெயர்ந்து வருவது இரண்டாவது. பிளவு தட்டிலிருந்து மூட்டுக்குள் செல்வது மூன்றாவது. மூட்டிலிருந்து தட்டைக் குறுக்கே கிழித்துத் தண்டுக்குள் இறங்குவது நான்காவது. தட்டே நசுங்கிப்போவது ஐந்தாவது. பொதுவாக எண் ஏற ஏற அபாயமும் ஏறும். ஆனால் தொடையெலும்பின் கீழ்க்குருத்து இந்த மரியாதைக்குக் கட்டுப்படுவதில்லை. அதன் பரப்பு அலையலையாக இருப்பதால், இரண்டாம் வகை முறிவிலேயேகூட அது சிதைந்து, பிற்காலத்தில் கால் குட்டையாவதோ கோணுவதோ உண்டு. அங்கு முறிந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வளர்ச்சியில் ஏதேனும் ஒரு குறை காணப்படுவதாக வைத்தியக் கணக்குகள் கூறுகின்றன.

ரான்ட்ஜன் 1895-இல் கண்டுபிடித்த எக்ஸ்ரே கதிர்களுக்குக்கூட இந்தக் குருத்து நேராகத் தெரிவதில்லை. சுண்ணாம்பு படியாத காரணத்தால் அது படத்தில் ஒரு கருத்த இடைவெளியாகவே தோன்றும். அந்த இடைவெளி ஒருபுறம் சற்று அகன்றிருக்கிறதா, நல்ல காலின் படத்தோடு ஒப்பிடுகையில் வேறுபடுகிறதா என்று பார்த்துத்தான் வைத்தியர் ஊகிக்கவேண்டும். படத்திலேயே ஊகித்து அறியவேண்டிய ஒன்றை, தோலுக்கும் தசைக்கும் மேலே தடவும் விரல் எப்படி அறியும்? பரம்பரை வைத்தியருடைய விரல் நுனியின் ஞானம் எவ்வளவு மெச்சத்தக்கதாயினும், முழங்காலருகே அது போதாமற்போவதன் காரணம் இதுவே. நீவிவிடுவதோ நழுவிய குருத்தை மேலும் நழுவச் செய்வதாகும்.

நம் நான்கு வயதுக் குழந்தைக்கு முறிவு குருத்திலே விழவில்லை; அதற்குச் சற்றுக் கீழே விழுந்தது. அதிர்ஷ்டம் என்று தோன்றும். 1953-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து எலும்பு வைத்தியர் லூயிஸ் கோசன் இத்தகைய குழந்தைகள் சிலரைப் பற்றி எழுதிய சிறு கட்டுரை, வைத்திய உலகத்தை இவ்விஷயத்தில் விழிக்கச் செய்தது. முறிவு அற்பமானது, கால் நேராக இருந்தது, கட்டு ஒழுங்காகப் போடப்பட்டது, எலும்பு செவ்வையாக ஒட்டிற்று, கட்டை அவிழ்த்தபோதும் கால் நேராகவே இருந்தது. அதற்குப் பின், சில மாதங்கள் கழித்து, முழங்காலுக்குக் கீழே கால் மெல்ல மெல்ல வெளிப்புறமாகத் திரும்பத் தொடங்கிற்று. அல்சூர் ஏரிக்கரையில் மதராஸ் சாப்பர்ஸ் படைக்கு ஆள் எடுக்கும்போது 'முட்டி தட்டுகிறது' என்று வாலிபர்களைத் திருப்பி அனுப்புவதைக் காக்ஸ் டவுன்வாசிகள் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த முட்டி தட்டுதல்தான் இது, ஆனால் ஒரே காலில்.

இது ஏன் நேர்கிறது என்பதில் அறிஞரிடையே இன்னும் கருத்து வேற்றுமை உண்டு. முறிந்த எலும்பை ஆற்றுவதற்காகப் பெருகிவரும் இரத்தவோட்டம் அருகிலிருக்கும் குருத்தின் உட்புறப் பாதியை அதிகமாகத் தூண்டிவிட, வெளிப்புறப் பாதி பின்தங்கி, கால் ஒருபக்கமாகச் சாய்கிறது என்பது பலரும் ஒப்பும் விளக்கம். பக்கத்திலுள்ள மெல்லிய எலும்பு முறியாமல் நின்று ஒருபுறம் கட்டிப் பிடிக்கிறது என்போரும், முறிவின் உட்பக்க இடைவெளியில் சவ்வோ தசைநாரோ சிக்கிக்கொள்கிறது என்போரும் உண்டு. காரணம் எதுவாயினும் போக்கு ஒன்றே: ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரையில் கோணல் ஏறும், அதன்பின் நிற்கும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளில் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே, கத்தி படாமல், நேராகிவிடும்.

இனிச் சிகிச்சையைக் கூறுவோம். குழந்தைக்கு வலி தெரியாதபடி மருந்து கொடுத்து, முறிவின் உட்பக்கத்தில் இடைவெளி இருந்தால் கணைக்காலைச் சற்று உள்நோக்கி அழுத்தி அதை மூடி, முழங்காலை நீட்டிய நிலையில், தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுப் போடுகிறார்கள். அந்த மாவின் வரலாறும் சுவையானது. ஜிப்சம் என்னும் கல்லைச் சுட்டால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு ஆவியாகிப் பொடியாகும். அப்பொடி தோய்ந்த துணியை நீரில் நனைத்துச் சுற்றினால், இழந்த நீரைத் திரும்பப் பெற்று, ஊசி ஊசியான பளிங்குகளாகப் பின்னிக்கொண்டு மறுபடியும் கல்லாகும். அப்போது வெப்பம் வெளிப்படுவதனால்தான் புதிய கட்டின்மேல் கையை வைத்தால் இளஞ்சூடு தெரிகிறது. ஹாலந்து தேசத்து ராணுவ வைத்தியர் அந்தோனியுஸ் மத்தைசன் 1850களின் தொடக்கத்தில் இம்முறையைப் பிரசித்தப்படுத்தினார். மூங்கிலுக்கு இல்லாத ஒரு குணம் மாவுக்கட்டுக்கு உண்டு: இறுகும் முன் உள்ள சில நிமிஷங்களில் வைத்தியருடைய உள்ளங்கை எந்த வடிவில் அழுத்துகிறதோ, அந்த வடிவையே அது நாள் முழுதும் காத்து நிற்கும். நம் குழந்தைக்கு வேண்டிய உள்நோக்கிய மெல்லிய அழுத்தத்தை ஆறு வாரமளவும் கொடுத்துக்கொண்டிருப்பது அந்தக் கையின் நினைவுதான்.

எந்தக் கட்டாயினும், முதல் இரண்டு நாட்களில் பெற்றோர் கண் இமைக்காமல் காக்கவேண்டிய அபாயம் ஒன்று உண்டு. முழங்காலின் பின்புறம் இறங்கும் பெரிய இரத்தக்குழாய், மூட்டுக்குச் சற்றுக் கீழே எலும்போடு ஒட்டிக் கிளைகளாகப் பிரிகிறது. முறிவு விலகியிருந்தால் அது நசுங்கலாம். குழாய் நலமாயிருந்தாலும், வீங்கும் தசையை இறுகிய கட்டு நெருக்கினால் இரத்தவோட்டம் தடைப்படும். இறுகிய கட்டினால் தசை செத்துச் சுருங்கி அவயவம் முடமாவதை 1881-இலேயே ஜெர்மானிய ரணவைத்தியர் ரிச்சர்டு ஃபான் ஃபோல்க்மன் விவரித்திருக்கிறார். இரத்தமின்றித் தசை தாங்குவது ஏறக்குறைய ஆறு மணி நேரமே. பேசத் தெரிந்த பெரியவர் மரத்துப்போகிறது என்பார். குழந்தை என்ன சொல்லும்? அடங்காமல் அழும், ஒரு நிலையில் படுக்காது, கொடுத்த வலிமருந்து போதாமல் மேலும் மேலும் கேட்கும், கால் விரலை மெல்ல நிமிர்த்தினால் அலறும், விரல்கள் வெளுத்தோ நீலம் பாரித்தோ சில்லிட்டோ இருக்கும். இவற்றில் ஒன்று தோன்றினாலும், நேரம் நள்ளிரவாயினும், கட்டியவர் யாராயினும், விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிக் கட்டைப் பிளந்துவிடச் செய்யவேண்டும். கட்டைப் பிளப்பதால் எலும்பு கெட்டுவிடாது. பிளக்காமல் விட்டால் கால் கெட்டுவிடும்.

ஆறு வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்தபின், மெலிந்து செதில் உதிரும் அந்தக் காலோடு குழந்தை சில நாள் நொண்டி, பிறகு முன்போல் ஓடத் தொடங்கிவிடும். வீட்டார் அத்துடன் சிகிச்சை முடிந்தது என்று எண்ணி, எக்ஸ்ரே படத்தைப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். உண்மையில் கவனிப்புத் தொடங்கவேண்டிய வேளை அதுதான். இதற்கு யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. மூன்று மாதத்திற்கு ஒருமுறை, குழந்தையைச் சுவரோரம் முட்டிகள் இரண்டும் தொட நிற்கவைத்து, கணுக்கால்களுக்கிடையே எத்தனை விரல் நுழைகின்றன என்று தாயார் பார்க்கலாம். அதே இடத்தில் அதே நிலையில் ஒரு படமும் எடுத்து வைக்கலாம். மூன்று நான்கு வயதில் எல்லாக் குழந்தைகளுக்குமே இரு முட்டிகளும் சற்றுத் தட்டுவது இயற்கை. ஏழு வயதுக்குள் அது சரியாகிவிடும். நாம் தேடவேண்டியது இரு கால்களுக்கும் இடையே தோன்றும் வேறுபாடு. குருத்திலேயே அடிபட்ட குழந்தைக்கு இக்கவனிப்பு இன்னும் நீண்ட காலம் வேண்டும். முறிவு ஆறிய சில மாதங்களில் எக்ஸ்ரேயில் மெல்லிய வெண்கோடு ஒன்று குருத்துக்கு இணையாகத் தோன்றினால் குருத்து ஒழுங்காக வளர்கிறது என்று பொருள். கோடு ஒருபுறம் சாய்ந்து குருத்தை முட்டினால், அங்கே எலும்புப் பாலம் கட்டி வளர்ச்சியைத் தடுத்துவிட்டது என்று பொருள். அப்பாலத்தைச் செதுக்கியெடுத்து, மீண்டும் எலும்பு கூடாதபடி அவ்விடத்தில் உடம்பின் கொழுப்பையே வைத்து நிரப்பும் உபாயத்தைப் பின்லாந்து தேசத்து வைத்தியர் லாங்கன்ஷியோல்டு கண்டார். உரிய காலத்தில் தெரிந்தால் இவையெல்லாம் செய்யக்கூடியவை.

கோசன் விவரித்த கோணலுக்கோ இதற்கு நேர்மாறான பொறுமை வேண்டும். கோணலைக் கண்டு பதறி, உடனே எலும்பை வெட்டி நேராக்கினால், அந்த வெட்டும் ஒரு முறிவே ஆதலால், குருத்து மறுபடியும் தூண்டப்பட்டுக் கோணல் திரும்பிவிடுவதுண்டு. ஆகவே தேர்ந்த வைத்தியர் காத்திருக்கச் சொல்வார். ஆண்டுகள் கழிந்தும் நேராகாத ஒரு சிலருக்கு மட்டும், குருத்தின் உட்புறத்தில் சிறு தகடு ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தி, அப்பக்கத்து வளர்ச்சியைச் சற்று நிறுத்திவைத்து, மறுபக்கம் எட்டிப் பிடிக்க விடுவார்.

காக்ஸ் டவுன் வீட்டுக் கூடத்துத் தர்க்கத்திற்கு நாம் சொல்லக்கூடிய தீர்ப்பு இதுதான். குழந்தைக்கு முழங்காலருகே அடிபட்டுக் கால் ஊன்றவில்லை என்றால், நீவுவதும் வேண்டாம், இழுப்பதும் வேண்டாம். ஒரு மரப் பலகையையோ மடித்த கனத்த செய்தித்தாளையோ காலோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, பௌரிங்குக்கோ, ஜெயநகர்ப் பக்கத்து சஞ்சய் காந்தி எலும்பு மருத்துவ நிலையத்துக்கோ, எக்ஸ்ரேயும் குழந்தை எலும்பு அறிந்த வைத்தியரும் உள்ள வேறிடத்துக்கோ முதலில் போங்கள். போட்ட கட்டை முதல் இரண்டு நாள் இரவும் பகலும் பாருங்கள். அவிழ்த்த பின் எக்ஸ்ரே உறையைப் பத்திரப்படுத்தி, வைத்தியர் குறித்த தேதிகளில், குழந்தை நன்றாக ஓடுகிறதே என்று சோம்பியிராமல், இரண்டு வருஷமேனும் காட்டிவாருங்கள். எலும்பு ஆறு வாரத்தில் ஒட்டிவிடும். குருத்தின் போக்குத் தெரிவதற்கு அவ்வளவு காலம் வேண்டும்.